மாலை என்று தேடினால் சாயங்காலம் வருகிறது: பூக்கடைத் தளத்துக்கு எந்தச் சொற்களைப் பிடிப்பது?

பூக்கடை_மகள் (ஜார்ஜ் டவுன்)

எல்லாருக்கும் வணக்கம். அப்பா பினாங்குத் தீவில், ஜார்ஜ் டவுன் லிட்டில் இந்தியாவில் முப்பது வருடமாக மாலை கட்டுகிறார். குயின் ஸ்திரீட் மாரியம்மன் கோயிலுக்குப் போகிறவர்கள் சரம் வாங்குவார்கள், முகூர்த்த நாளில் கல்யாண மாலை போகும். 2020 நடமாட்டக் கட்டுப்பாட்டின்போது கடை அடைத்துக் கிடந்தது. அதற்குப் பிறகுதான் ஆர்டர்கள் கைப்பேசிக்கு வரத் தொடங்கின. போன வருடம் ஓர் இணையத்தளமும் போட்டோம்.

தளத்தைச் செய்துகொடுத்த நிறுவனம் எஸ்இஓவுக்கென்று, அதாவது கூகுள் தேடலில் தளத்தை மேலே கொண்டுவரும் வேலைக்கென்று, தனியாக 1,800 வெள்ளி (ரிங்கிட்) வாங்கியது. 50 கீவேர்ட் (தேடுகிறவர்கள் அடிக்கும் சொற்கள்) போட்டிருக்கிறோம், மூன்று மாதத்தில் முதல் பக்கத்துக்கு வந்துவிடும் என்றார்கள். எட்டு மாதம் ஆகிவிட்டது. தளத்துக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் எங்கள் சொந்தக்காரர்கள்தான். அந்தப் பட்டியலில் இருப்பவை இப்படி: மாலை, பூ, மலர்கள், கல்யாணம், ஃபிளவர்ஸ், வெட்டிங், திவாலி ஃபிளவர்ஸ்.

நானே 'மாலை' என்று கூகுளில் அடித்துப் பார்த்தேன். மாலை வணக்கப் படங்கள், மாலைச் செய்திகள், மாலையில் நடப்பது நல்லதா என்று கட்டுரைகள். பூமாலை கண்ணில் படவில்லை.

அப்பா மாதிரி நார் பிசகாமல் கட்டுகிறவர்கள் இந்தத் தீவில் இப்போது கொஞ்சம் பேர்தான். மாலை தேடுகிறவருக்கு அது தெரியாமலே போகிறது என்பது எனக்கு வலிக்கிறது. எந்தச் சொல்லைப் பிடிக்க வேண்டும், அதை எப்படிக் கண்டுபிடிப்பது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

செந்தூல்_தேடல்காரர் (கோலாலம்பூர்)

தங்கச்சி, முதலில் அந்தப் பணத்துக்கு என்ன செய்தார்கள் என்று பார்த்துவிடலாம். உங்கள் பக்கத்தைத் திறந்து மூல நிரலை, அதாவது பக்கத்துக்குப் பின்னால் இருக்கும் குறியீட்டைப் பாருங்கள். 'மெட்டா கீவேர்ட்ஸ்' என்ற வரியில் அந்த 50 சொற்களும் வரிசையாக இருந்தால், அது ஒன்றுக்கும் உதவாது. தேடல் வரிசைக்கு அந்த வரியைத் தாங்கள் பார்ப்பதில்லை என்று கூகுள் 2009-லேயே வெளிப்படையாகச் சொல்லிவிட்டது. இன்றைக்கும் அதைக் காட்டிக் காசு வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். கூகுளில் முதல் இடத்துக்கு உத்தரவாதம் தர யாராலும் முடியாது. உத்தரவாதம் என்ற சொல் வந்தாலே எழுந்து வந்துவிடுங்கள்.

இனி 'மாலை'. நீங்கள் கேள்வியிலேயே பாதிப் பதிலைச் சொல்லிவிட்டீர்கள். ஒற்றைச் சொல்லுக்கு ஒரு பொருள் மட்டும் இருப்பதில்லை. மாலை பொழுதும் ஆகும், பூவும் ஆகும், ஐயப்பனுக்குப் போடும் மாலையும் ஆகும். 'பூ' என்று அடிக்கிறவர் பள்ளிப் பிள்ளைக்குப் படம் தேடுகிறவராக இருக்கலாம். அவர் உங்கள் கடைக்கு வரப்போவதில்லை.

சொல்லைப் பார்ப்பதற்கு முன் அந்தச் சொல்லை அடிக்கிறவருக்கு என்ன வேண்டும் என்று பாருங்கள். ஆண்ட்ரே ப்ரோடர் என்ற ஆய்வாளர் 2002-ல் தேடல்களை மூன்றாகப் பிரித்தார்: ஏதாவது தெரிந்துகொள்ளத் தேடுவது, தெரிந்த ஒரு தளத்துக்குப் போகத் தேடுவது, ஏதாவது காரியம் முடிக்கத் தேடுவது. எங்கள் தொழிலில் இன்றும் இதிலிருந்துதான் தொடங்குகிறோம். 'மாலை மாற்றுவது ஏன்' என்பது முதல் வகை. உங்கள் கடைப் பெயரைப் போட்டுத் தேடுவது இரண்டாவது. 'கல்யாண மாலை பினாங்கு விலை' மூன்றாவது. உங்களுக்கு ஆர்டர் தருவது மூன்றாவது வகைதான். அதைத் தேடுகிறவர்கள் குறைவு, ஆனால் கையில் தேதியோடு வருவார்கள்.

ஒரு வேலை கொடுக்கிறேன். உங்கள் புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) புதிய வாடிக்கையாளர்கள் அனுப்பிய முதல் செய்திகளை மட்டும் எடுங்கள். ஒரு 60 போதும். அவர்கள் எழுதியதை ஓர் எழுத்துகூட மாற்றாமல் நோட்டில் எழுதுங்கள். திருத்தாதீர்கள், தமிழாக்காதீர்கள். எழுதி முடித்துவிட்டு இங்கே வாருங்கள்.

பூக்கடை_மகள்

ஐயா, மூல நிரலைப் பார்த்தேன். நீங்கள் சொன்ன அதே வரிதான். 50 சொற்களும் அங்கேதான் இருக்கின்றன. இன்னொன்றையும் கண்டேன்: பக்கத்தின் அடியில் வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்தில் 'ஃபிளவர்ஸ் ஃபிளவர்ஸ் பினாங்கு ஃபிளவர்ஸ்' என்று மூன்று வரி. இது இருப்பதே எங்களுக்குத் தெரியாது.

செந்தூல்_தேடல்காரர்

அந்த மூன்று வரியை இன்று இரவே எடுத்துவிடுங்கள். வாசகருக்குத் தெரியாமல் சொற்களை ஒளித்துவைப்பது கூகுளின் ஸ்பேம் (ஏமாற்று வேலை) விதிகளில் நேரடியாகத் தடை செய்யப்பட்டது.

பட்டர்வொர்த்_சமையல்கட்டு (பட்டர்வொர்த்)

நான் கேட்டரிங் செய்கிறேன். நானும் இதே குழியில் விழுந்து எழுந்தவன், அதனால் சொல்கிறேன்.

எங்கள் தளத்தில் 'சுவைமிகு இந்திய விருந்துச் சேவை' என்று தலைப்பு வைத்திருந்தேன். அழகாகத்தான் இருந்தது. ஆனால் அப்படி யாரும் தேடுவதில்லை. என் வாடிக்கையாளர்கள் ஆங்கிலத்தில் தேடினால் கேட்டரிங்கை 'சி'யில் தொடங்குவார்கள், மலாயில் தேடினால் 'கே'யில் தொடங்குவார்கள். ஓர் எழுத்துதான் வித்தியாசம், ஆனால் வரும் ஆட்கள் வேறு. மலாயில் தேடியவர்களில் நிறையப் பேர் அலுவலக விருந்துக்கு, ஆங்கிலத்தில் தேடியவர்கள் வீட்டு விசேஷத்துக்கு. இது என் அனுபவம், உங்களுக்கு வேறு மாதிரி இருக்கலாம்.

அப்புறம் ஊர்ப் பெயர். நீங்கள் தீவில் இருக்கிறீர்கள், அதனால் 'பினாங்கு' என்று போட்டால் போதும் என்று நினைப்பீர்கள். பினாங்கு மாநிலத்தில் தீவும் உண்டு, பாலத்துக்கு இந்தப் பக்கம் செபராங் பிறையும் உண்டு. பட்டர்வொர்த்தில் இருக்கிறவன் பட்டர்வொர்த் என்றுதான் அடிப்பான். புக்கிட் மெர்தாஜாமில் இருக்கிறவர்கள் 'பிஎம்' என்று இரண்டே எழுத்தில் முடித்துவிடுவார்கள். பாலம் தாண்டிக் கொண்டுவந்து கொடுப்பீர்களா என்பதுதான் அவர்களுடைய முதல் கேள்வி. அதற்குப் பதில் பக்கத்திலேயே இருக்க வேண்டும்.

எனக்கு அதிகம் அழைப்பு கொண்டுவந்த பக்கம் எது தெரியுமா? '50 பேருக்கு வீட்டுச் சாப்பாடு, என்னென்ன வரும், எவ்வளவு ஆகும்' என்ற பக்கம். மாப்பிள்ளை வீட்டிலிருந்து எத்தனை பேர், பிறந்தநாளுக்கு எத்தனை பேர் என்று தலையை எண்ணிக்கொண்டுதான் ஜனங்கள் தேடுகிறார்கள். அந்த எண்ணிக்கையும் ஒரு கீவேர்ட்தான்.

பூக்கடை_மகள்

60 செய்தியையும் எழுதிவிட்டேன். எழுதும்போதே கை நின்றுவிட்டது.

தமிழ் எழுத்தில் எழுதியவர்கள் 4 பேர்தான். மற்ற எல்லாரும் ஆங்கில எழுத்து. ஆனால் பெரும்பாலும் அது ஆங்கிலமும் இல்லை, 'கல்யாண மாலை ஹவ் மச்', 'மாலை டெலிவரி பிஎம் கேன்?' இந்த மாதிரி. அதிலும் மாலையை ஒரு 'ஏ' போட்டு எழுதுகிறவர்கள் உண்டு, இரண்டு 'ஏ' போட்டு எழுதுகிறவர்கள் உண்டு. 'இந்தியன் வெட்டிங் கார்லண்ட்' என்று 14 பேர். மலாயில் 'பூங்ஙா மாலை உந்தோக் காவின்' என்று 5 பேர். அவர்களில் 3 பேர் தமிழர்கள் இல்லை, இந்தியத் தோழியின் கல்யாணத்துக்குக் கேட்டவர்கள்.

'மலர்மாலை' என்று ஒருவர்கூட எழுதவில்லை. எங்கள் தளத்தில் எல்லாப் பக்கத்துக்கும் தலைப்பு 'நறுமண மலர்மாலைகள்'. எங்கள் வீட்டிலேயே யாரும் மலர்மாலை என்று சொன்னதில்லை.

நாங்கள் நினைத்தே பார்க்காத ஒன்று: 9 பேர் கேட்டது அறுபதாம் கல்யாணத்துக்கு. தளத்தில் அந்தச் சொல்லே இல்லை.

செந்தூல்_தேடல்காரர்

தங்கச்சி, அந்த நோட்டைப் பத்திரமாக வையுங்கள். 1,800 வெள்ளிக்குக் கிடைக்காதது அதில் இருக்கிறது.

இப்போது அந்தச் சொற்களைச் சொல்லாகப் பார்க்காமல் தேவையாகப் பிரியுங்கள். கல்யாண மாலை ஒரு தேவை. அறுபதாம் கல்யாணம் இன்னொரு தேவை. வாரா வாரம் வீட்டுச் சாமிக்குச் சரம், அது மூன்றாவது. ஒரு தேவைக்கு ஒரு பக்கம். ஒரு பக்கத்தில் எல்லாவற்றையும் திணித்தால் கூகுளுக்கும் புரியாது, வாசகருக்கும் புரியாது. அதேபோல ஒரே தேவைக்கு மூன்று பக்கம் போட்டால் உங்கள் பக்கங்களே ஒன்றோடொன்று போட்டி போட்டு மூன்றும் பின்னால் போகும்.

ஒரு 'ஏ', இரண்டு 'ஏ' விஷயத்துக்குப் பயப்பட வேண்டாம். எழுத்துப் பிழைகளையும் ஒரே பொருள்தரும் சொற்களையும் கூகுள் ஓரளவு சேர்த்தே புரிந்துகொள்கிறது. ஒவ்வொரு எழுத்துக்கூட்டலுக்கும் தனிப் பக்கம் போடாதீர்கள். ஆனால் அந்தச் சொல் இயல்பாகப் பக்கத்தில் ஓரிடத்தில் வரட்டும். மல்லிகை மாலை, ரோஜா மாலை, சம்பங்கி மாலை என்று படத்துக்குக் கீழே எழுதினாலே அது வந்துவிடும்.

டைட்டிலில், அதாவது தேடல் பக்கத்தில் தெரியும் தலைப்பில், மூன்று விஷயம் இருந்தால் போதும்: என்ன பொருள், எதற்கு, எந்த ஊரில். கடைப் பெயரைக் கடைசியில் வையுங்கள். தலைப்பு நீளமாக இருந்தால் தேடல் பக்கத்தில் வால் வெட்டுப்படும், அதனால் முக்கியமான சொல் முன்னால் வரட்டும்.

பிறை_மொழிபெயர்ப்பாளர் (பிறை)

ஓர் இடத்தில் எனக்கு மாற்றுக் கருத்து உண்டு. 60-ல் 4 பேர்தான் தமிழ் எழுத்து என்பதால் தமிழ்ப் பக்கம் வேண்டாம் என்ற முடிவுக்கு யாரும் வந்துவிடக் கூடாது.

புலனத்தில் எழுதுகிறவர்களை மட்டும்தான் நீங்கள் எண்ணினீர்கள். தமிழில் தேடியவர் உங்கள் தளத்தைக் கண்டுபிடித்தால்தானே உங்களுக்குப் புலனம் அனுப்புவார்? கண்டுபிடிக்காதவர் உங்கள் நோட்டில் எப்படி வருவார்? என் அம்மாவுக்கு ஆங்கிலம் அடிக்கத் தெரியாது. கைப்பேசியில் மைக்கை அழுத்தித் தமிழில் பேசுகிறார், அது தமிழ் எழுத்தில் போய்த் தேடுகிறது. கல்யாண வேலைகளை முடிவு செய்கிறவர்கள் பெரும்பாலும் அம்மாக்களும் அத்தைகளும்தான். அவர்கள் தமிழில் கேட்கும் கேள்விக்கு இன்றைக்கு வருகிற பதில்கள் பெரும்பாலும் தமிழ்நாட்டிலிருந்து. விலை ரூபாயில் இருக்கிறது, பூ மதுரைச் சந்தைப் பூ. மலேசியாவிலிருந்து தமிழில் எழுதுகிறவர்கள் குறைவு என்பதால் ஒரு நல்ல பக்கம் போட்டாலே முன்னுக்கு வர வாய்ப்பு இருக்கிறது.

நம் மொழியில் தேடினால் நம் ஊர் வரவேண்டும். அதற்கு நாம் எழுதினால்தான் உண்டு.

செந்தூல்_தேடல்காரர்

மொழிபெயர்ப்பாளர் சொல்வது சரி. கண்டுபிடிக்காதவர் நோட்டில் வரமாட்டார் என்பதை நான் யோசிக்கவில்லை. என் ஆலோசனையில் அது ஒரு ஓட்டைதான்.

அப்படியானால் இப்படிச் செய்யலாம். ஆங்கிலப் பக்கம் தனி, தமிழ்ப் பக்கம் தனி, முடிந்தால் மலாய்ப் பக்கம் தனி. மூன்று மொழியையும் ஒரே பக்கத்தில் கலக்க வேண்டாம். இது அதன் தமிழ் வடிவம், அது இதன் ஆங்கில வடிவம் என்று கூகுளுக்குச் சொல்வதற்கு 'எச்ரெஃப்லாங்' என்ற குறிப்பு இருக்கிறது, அதைப் போடச் சொல்லுங்கள். ஆங்கிலத்தை இயந்திரத்தில் போட்டு அப்படியே தமிழாக்க வேண்டாம். தமிழில் தேடும் அத்தைக்குக் கேள்வியே வேறு: மணமக்களுக்கு எத்தனை மாலை வேண்டும், மாலை மாற்றுவதற்குத் தனி ஜோடி வேண்டுமா, முந்தின நாள் வாங்கினால் எப்படி வாடாமல் வைப்பது. அப்பாவுக்கு இதற்கெல்லாம் பதில் தெரியும். அவர் பேசப் பேச எழுதுங்கள்.

கெலுகோர்_மாணவி (கெலுகோர்)

நான் மார்க்கெட்டிங் படிக்கிறேன். கருவிகளைப் பற்றி யாரும் சொல்லவில்லையே என்று எழுதுகிறேன்.

ஒரு சொல்லை எவ்வளவு தேடுகிறார்கள் என்று காட்டும் கூகுள் கீவேர்ட் பிளானர் இலவசம்தான், விளம்பரக் கணக்கு திறக்க வேண்டும். விளம்பரத்துக்குச் செலவு செய்யாதவர்களுக்குத் துல்லியமான எண் காட்டாது, 10 முதல் 100, 100 முதல் 1,000 என்று வீச்சாகத்தான் காட்டும். இடத்தை மலேசியா என்று மாற்ற மறக்காதீர்கள். அதில் 'காம்பெடிஷன்' என்று ஒரு பத்தி இருக்கும். அது விளம்பரதாரர்களின் போட்டி. விளம்பரம் இல்லாத இயல்பான தேடலில் மேலே வருவது எவ்வளவு கடினம் என்பதை அது சொல்வதில்லை. எங்கள் வகுப்பில் பாதிப் பேர் இதைத் தவறாகத்தான் புரிந்துகொண்டார்கள்.

அக்காவின் பட்டியலில் 'திவாலி ஃபிளவர்ஸ்' பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது, அது வேறு நாட்டுப் பட்டியல். நம் நாட்டில் பொது விடுமுறையின் பெயரே தீபாவளி, பலகையிலும் துணிக்கடையிலும் தீபாவளிதான். கூகுள் டிரெண்ட்ஸில் இரண்டு சொல்லையும் போட்டு மலேசியாவை மட்டும் தேர்ந்தெடுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். ஒன்று கவனம்: டிரெண்ட்ஸில் வரும் 0 முதல் 100 வரையான எண் தேடல்களின் எண்ணிக்கை இல்லை, உச்சத்தோடு ஒப்பிட்ட அளவு.

பிளானரில் எண்ணே காட்டாத சொல் என்றால் தூக்கிப் போடவேண்டும் என்று இல்லை. ஒவ்வொரு நாளும் வரும் தேடல்களில் சுமார் 15 விழுக்காடு அதற்கு முன் வந்ததே இல்லை என்று கூகுள் பல வருடமாகச் சொல்லிவருகிறது. சிறிய ஊரில் சிறிய தொழிலுக்கு எண் காட்டாத சொற்கள்தான் அதிகம்.

கிள்ளான்_கடைக்காரர் (கிள்ளான்)

ஒரு சந்தேகம். ஊர்ப் பெயர் முக்கியம் என்றால், 'மாலை பட்டர்வொர்த்', 'மாலை பிறை', 'மாலை சுங்கைப் பட்டாணி' என்று 20 ஊருக்கு 20 பக்கம் போடலாமே? ஊர்ப் பெயரை மட்டும் மாற்றினால் போதும், ஒரே நாளில் முடிந்துவிடும். கூகுள் மேப்பிலும் கடைப் பெயரோடு 'பெஸ்ட் கார்லண்ட் பினாங்கு' என்று சேர்த்துவிடலாம்.

செந்தூல்_தேடல்காரர்

இரண்டும் வேண்டாம், நண்பரே. ஊர்ப் பெயரை மட்டும் மாற்றி ஒரே இடத்துக்கு ஆளைக் கொண்டுபோகும் பக்கங்களை 'டோர்வே' என்பார்கள், ஸ்பேம் விதிகளில் அதற்குத் தனித் தலைப்பே இருக்கிறது. உண்மையில் அந்த ஊருக்கென்று சொல்ல ஏதாவது இருந்தால் மட்டும் பக்கம் போடுங்கள். பாலம் தாண்டுவதற்கு என்ன கட்டணம், காலை எத்தனை மணிக்குள் சேரும், அங்கே எந்த மண்டபத்துக்குக் கொடுத்திருக்கிறீர்கள், அந்தப் படங்கள். இவை இருந்தால் பட்டர்வொர்த்துக்கு ஒரு பக்கம் நியாயம்தான்.

மேப் விஷயத்தில், பிசினஸ் புரொஃபைலில் (மேப்பில் தெரியும் கடை விவரத்தில்) கடைக்கு வெளியே பலகையில் இருக்கும் பெயர்தான் இருக்க வேண்டும். சொல்லைத் திணித்தால் கணக்கை முடக்கிவிட வாய்ப்பு உண்டு. அருகிலுள்ள கடைகளைக் காட்டும்போது பொருத்தம், தூரம், பெயர் பரவியிருப்பது என்ற மூன்றையும் பார்ப்பதாகக் கூகுளே சொல்கிறது. தூரத்தை நாம் மாற்ற முடியாது. சரியான வகையைத் தேர்ந்தெடுப்பது, திறக்கும் நேரத்தைச் சரியாகப் போடுவது, படங்கள் ஏற்றுவது, வாங்கியவர்களைக் கருத்து எழுதச் சொல்லிக் கேட்பது, இவை நம் கையில். பூக்கடைக்கு இணையத்தளத்தைவிட இதுதான் முதலில் பலன் தரும் என்பது என் எண்ணம்.

பூக்கடை_மகள்

நான்கு மாதம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். நடுவில் ஆவணி முகூர்த்தங்கள், உட்கார நேரமில்லை.

தளத்தை நானே மாற்றி எழுதினேன். கல்யாண மாலை, அறுபதாம் கல்யாணம், சாமிச் சரம், பட்டர்வொர்த் டெலிவரி என்று நான்கு பக்கம் ஆங்கிலத்தில். தமிழில் ஒரு பக்கம், அப்பா சொல்லச் சொல்ல எழுதியது. கூகுளின் சர்ச் கன்சோல் கருவியையும் இணைத்தேன். யார் எந்தச் சொல்லால் நம்மை அடைகிறார்கள் என்று அதில் பார்த்த முதல் நாள் தூக்கம் வரவில்லை.

அறுபதாம் கல்யாணப் பக்கத்துக்கு மூன்று மாதத்தில் 38 கிளிக்தான். ஆனால் அதில் 11 பேர் புலனத்தில் எழுதினார்கள், 7 பேர் வாங்கினார்கள். தமிழ்ப் பக்கத்துக்கு அதைவிடக் கூட்டம் அதிகம், பாதிக்கு மேல் வெளிநாடு. ஆனாலும் பிறையிலிருந்து ஓர் அம்மா அழைத்து, 'நீங்கள் எழுதினதைப் படித்தேன்மா, ஈரத்துணி விஷயம் எனக்குத் தெரியாமல் போச்சே' என்று அப்பாவிடம் அரைமணி நேரம் பேசினார். பேத்தி கல்யாணத்துக்கு ஆர்டரும் தந்தார்.

ஒரு கேள்வி. தைப்பூசத்துக்குப் பக்கம் போடலாம் என்று இருக்கிறேன். தேர் போகும் பாதை, நேரம் எல்லாம் எழுதினால் நிறையப் பேர் வருவார்களா?

பட்டர்வொர்த்_சமையல்கட்டு

ஆள் வருவார்கள், தங்கச்சி. ஆனால் வெள்ளித்தேரும் தங்கத்தேரும் எத்தனை மணிக்கு எங்கே வரும் என்று தேடுகிறவர் அதைப் பார்த்ததும் போய்விடுவார். கோயிலும் செய்தித்தாள்களும் அதைச் சரியாகச் சொல்லும்போது நாம் போட்டி போடவும் வேண்டாம். தேருக்கு முன் அர்ச்சனைத் தட்டு கொடுக்க என்னென்ன வேண்டும், தண்ணீர்மலைக் கோயிலுக்கு நடந்து போகிறவர்களுக்குச் சரம் எத்தனை மணிக்கு வந்து வாங்கிக்கொள்ளலாம், காவடிக்குப் பூ எத்தனை நாள் முன்னால் சொல்ல வேண்டும், இதை எழுதுங்கள். இது உங்களுக்கு மட்டும்தான் தெரியும்.

செந்தூல்_தேடல்காரர்

அதோடு ஒன்று. தைப்பூசம் 2025-ல் பிப்ரவரி 11, 2026-ல் பிப்ரவரி 1, வருடத்துக்கு வருடம் நகரும். அதனால் பக்கத்தின் முகவரியில் வருடத்தைப் போடாதீர்கள். ஒரே முகவரி இருக்கட்டும், உள்ளே தேதியை மட்டும் வருடா வருடம் மாற்றுங்கள். ஒவ்வொரு வருடமும் புதுப் பக்கம் போட்டால் முந்தின பக்கம் சேர்த்த மதிப்பு வீணாகும். பக்கம் கூகுளில் நிலைபெற நாளாகும், அதனால் தைக்குக் காத்திருக்காமல் தீபாவளி வேலை முடிந்த கையோடு போட்டுவிடுங்கள்.

சர்ச் கன்சோலில் 16 மாதத் தரவுதான் இருக்கும். பழையதைத் தரவிறக்கி வையுங்கள், அடுத்த தைப்பூசத்தோடு ஒப்பிட உதவும். கிளிக் இல்லாமல் காட்சி மட்டும் இருக்கும் சொற்களையும், அதாவது தேடலில் உங்கள் பக்கம் தெரிந்தும் யாரும் அழுத்தாதவற்றையும் பாருங்கள். அங்கேதான் அடுத்த பக்கம் ஒளிந்திருக்கும்.

பூக்கடை_மகள்

இப்போதுதான் பார்த்தேன். 'ஆளுயர மாலை பினாங்கு', தமிழ் எழுத்தில், 6 காட்சி, கிளிக் பூஜ்யம். அப்பாவிடம் காட்டினேன். அந்தச் சொல்லைக் கேட்டுப் பல வருடமாகிறது, முன்பெல்லாம் கோயில் திருவிழாவுக்குக் கட்டுவோம் என்றார். சனிக்கிழமை ஒன்று கட்டித் தருகிறேன், முதல் முடிச்சிலிருந்து படம் எடு என்று சொல்லியிருக்கிறார். நார் வாங்கப் போகிறேன்.